மஞ்சள் பெட்டியின் மூடி

அன்று காலை கடைக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர். கடைக்குச் சொந்தக்காரரான பெரியவர், அவருடைய தம்பி, பெரியவரின் மகள், டார்ச் என்று பட்டப்பெயர் கொண்ட மெக்கானிக், ரொட்டி வேன் டிரைவர். ஆறாவது ஆள் கிடையாது. எதிரே டயர் கடை வைத்திருப்பவர் தானும் அங்கே இருந்ததாக இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார். அவர் இருந்தது அவர் கடை வாசலில், தெருவுக்கு அந்தப் பக்கம், கையில் காற்றடிக்கும் குழாயோடு.

ஐந்து பேரும் ஏன் கூடினார்கள் என்று சொல்ல நாலு மாதம் பின்னால் போக வேண்டும்.

அது வண்டி உதிரிபாகக் கடை. வண்டி செய்யும் கம்பெனி தன் பெயரில் விற்கும் சாமான் அங்கே கிடைக்காது. அதே அளவில், அதே வேலைக்கு, வெளியே சின்னச் சின்னத் தொழிற்சாலைகள் செய்யும் சாமான் கிடைக்கும். பிரேக் பேடு, ஃபில்டர், பெல்ட், பேரிங். இந்த மாதிரிக் கடை நிற்பது சொல்லின் மேல்தான். பெரியவரின் அப்பா அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். யாரிடம் வாங்கிய சாமானாக இருந்தாலும் வந்த பெட்டியைக் கிழித்துப் போட்டுவிட்டு, குடும்பப் பெயர் அச்சிட்ட மஞ்சள் பெட்டியில் மாற்றித்தான் அலமாரியில் அடுக்குவார்கள். "வாங்கறவன் எவனோ செஞ்சவனை நம்பி வாங்கல. நம்மள நம்பி வாங்கறான்" என்பார் அப்பா. ஐம்பத்திரண்டு வருடமாக அந்தத் தெருவில் மெக்கானிக்குகள் பேடு கேட்டதில்லை. மஞ்சள் பெட்டி கேட்டார்கள்.

அந்த மஞ்சள் பெட்டியிலிருந்து ஒரு ஜோடி பிரேக் பேடு எடுத்துத்தான் டார்ச் தன் பட்டறையில் ரொட்டி வேனுக்கு மாட்டினார். பதினோராம் நாள் ஓர் இறக்கத்தில் பேடின் தேயும் பகுதி தகட்டை விட்டுப் பெயர்ந்துவிட்டது. வேன் நேராகப் போய்த் தன் முதலாளியின் பேக்கரிச் சுவரிலேயே முட்டியது. டிரைவருக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. வேறு சேதம், ரொட்டிதான்.

பெயர்ந்த துண்டை எடுத்துக்கொண்டு டார்ச் கடைக்கு வந்தார். கல்லா முன்னால் நாலு வாடிக்கையாளர்கள் நின்றார்கள். பெரியவர் துண்டைக் கையில்கூட வாங்கவில்லை.

"எங்க பெட்டியில வர்ற சாமான் அப்படிக் கழண்டு வராது. மாட்டின கையைப் பாரு" என்றார்.

டார்ச் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். அடுத்த மாதத்துக்குள், அங்கே வாடிக்கையாக வாங்கிவந்த பதினாலு பட்டறைகளும் படியிறங்கிவிட்டன.

மகள் தன்னால் ஆனதைச் செய்து பார்த்தாள். 'பழுது இருந்தால் உடனே மாற்றித் தரப்படும்' என்று ஒரு பலகை எழுதி மாட்டினாள். "நம்ம சாமான் பழுதாகும்னு நாமளே ஊருக்கு எழுதிப் போடணுமாம்மா?" என்று பெரியவர் அதைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார். தப்பித் தவறி வந்த ஒன்றிரண்டு பேரும் பேடை நகத்தால் சுரண்டினார்கள், மோந்து பார்த்தார்கள். ஆட்டோக்காரர் ஒருவர், "ஐயா, இது பேடா பிஸ்கட்டா? டீயில நனைச்சா கரைஞ்சிடாதே?" என்றார். பெரியவர் பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கி மூடினார். "பிஸ்கட் பேக்கரியில கிடைக்கும். அங்க போ." சிரித்தது ஆட்டோக்காரர் மட்டும்.

பழி விழுந்தது தம்பி தலையில். கொள்முதல் எப்போதும் தம்பி பார்ப்பது. ஆகவே தம்பிதான் மட்டமான சரக்கை ஏற்றிவிட்டான் என்று தெரு முடிவு கட்டியது. தம்பி மறுக்கவில்லை. பட்டறைகள் இருக்கும் பாதையை விட்டுவிட்டுப் பின்சந்து வழியாகக் கடைக்கு வரப் பழகிக்கொண்டார்.

உண்மை பெரியவருக்குத் தெரியும். தம்பி கண் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த வாரம், வழக்கமான இடத்திலிருந்து பேடு வரவில்லை. அலமாரியில் இரண்டு தட்டு காலி. காலித் தட்டு பெரியவருக்குப் பல் விழுந்த வாய் மாதிரி. அப்போது முன்பின் தெரியாத ஒரு விற்பனையாள் சரக்கோடு வந்தான். பெரியவர் ஒன்றை எடுத்து மேசையில் தட்டிப் பார்த்தார். சத்தம் நன்றாக இருந்தது. அறுபது ஜோடி இறக்கச் சொன்னார். அவரே உட்கார்ந்து, அவர் கையாலேயே பெட்டி மாற்றினார். தம்பி திரும்பி வந்து அலமாரியைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அண்ணனைக் கேள்வி கேட்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

சரக்கு மோசம் என்று பெரியவர் அப்போதும் நம்பவில்லை. நம்பினால் தம்பி ஏன் சந்து வழியாக வருகிறான் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதனால்தான் மகள், "டார்ச் அண்ணனைக் கூப்பிடறேன்ப்பா. எந்தப் பெட்டியைக் காட்டறாரோ அதைத் திறந்து காட்டுவோம்" என்றபோது உடனே சரி என்றார். பெட்டி தன் மானத்தைக் காப்பாற்றும் என்று நினைத்தார். டார்ச் ஒருவர் திரும்பினால் பதினாலு பட்டறையும் திரும்பும். திரும்பாவிட்டால், அப்பா எழுதி மாட்டிய பெயர்ப்பலகையைத் தன் கையால் இறக்க வேண்டி வரும். இதுவும் அவருக்குத் தெரியும்.

டார்ச் வந்தார். எந்தச் சாமானையும் கைவிளக்கு அடித்துப் பார்க்காமல் வாங்காதவர் என்பதால் வந்த பெயர் அது. பின்னாலேயே டிரைவரும் வந்தார். கட்டு பிரித்துவிட்டார்கள், மணிக்கட்டு மட்டும் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.

"உட்காருங்க அண்ணே" என்றாள் மகள்.

"நிக்கறேன்மா. உட்கார்ந்தா உங்கப்பா, உட்கார்ந்த விதம் சரியில்லம்பாரு."

தம்பி தரையைப் பார்த்தார். பெரியவர், "எதைத் திறக்கணும்? சொல்லு" என்றார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், பெரியவரே. திறக்கறதுக்கு முன்னாடி சொல்லுங்க. அந்தத் தட்டுல இருக்கறது யாரு செஞ்ச பேடு?"

"பெட்டியில பேர் இருக்கே."

"அது உங்க பேரு. நீங்களா உலை வெச்சு, பசை போட்டு ஒட்டினீங்க?"

பெரியவர் தட்டைத் திரும்பிப் பார்த்தார். தட்டில் நாற்பத்திரண்டு பெட்டிகள் இருந்தன. எல்லாம் ஒரே மஞ்சள், ஒரே எண், ஒரே பெயர். பழைய சரக்கு எது, அந்த அறுபதில் மிஞ்சியது எது என்று அவராலேயே சொல்ல முடியாது. வந்த பெட்டிகளைக் கிழித்துப் போட்டவர் அவர்தான்.

"எடுங்க. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு" என்றார் டார்ச்.

மகள் இரண்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். பெரியவரே திறந்தார். டார்ச் பேடுகளைப் புரட்டிப் போட்டு முதுகில் வெளிச்சம் அடித்தார். ஒன்றின் தகட்டில் நாலு துளைகள். தேயும் பகுதி அந்தத் துளைகளுக்குள் புகுந்து தகட்டைக் கவ்வியிருந்தது. மற்றதன் தகடு துளையே இல்லாமல் மொழுமொழுவென்று இருந்தது. அதில் வெறும் பசைதான் பிடிமானம். டார்ச் சட்டைப் பையிலிருந்து பழைய துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். நாலு மாதமாக அதைச் சுமந்திருக்கிறார். அதன் முதுகும் மொழுமொழு.

டிரைவர் தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு, "அடப்பாவி, தட்டுல ஒட்டின சோத்துக்கு இருக்கற பிடிமானம்கூட இதுக்கு இல்லையே" என்றார்.

"யாரு வாங்கினது?" என்றார் டார்ச்.

"நான்தான்" என்றார் தம்பி. கேள்வி முடிவதற்கு முன்பே வந்தது பதில். நாலு மாதமாக நாக்கு நுனியில் வைத்துக் காத்திருந்தது போல வந்தது.

பெரியவர் தம்பியைப் பார்த்தார். தம்பி அவரைப் பார்க்கவில்லை. இதை அப்படியே விட்டுவிட்டால் போதும். தம்பி தவறினான், அண்ணன் கண்டுபிடித்தார், கடை பிழைத்தது. தெருவும் ஒத்துக்கொள்ளும். ஏற்கெனவே ஒத்துக்கொண்டுதான் இருந்தது.

"அவன் இல்ல" என்றார் பெரியவர். "அவன் அந்த வாரம் கண்ணுல கட்டோட படுத்திருந்தான். நான் வாங்கினேன். தட்டிப் பார்த்து வாங்கினேன்."

"அண்ணே..."

"நீ சும்மா இரு." பிறகு டார்ச்சைப் பார்த்துச் சொன்னார்: "மாட்டின கையில தப்பில்ல. நாலு பேர் முன்னாடி சொன்னதை நாலு பேர் முன்னாடியே திருப்பி எடுத்துக்கறேன்." டிரைவர் பக்கம் திரும்பினார். "உன் கைக்கு நான் என்னப்பா சொல்றது."

"அது திரும்பிடும் ஐயா. ரொட்டிதான் போச்சு" என்றார் டிரைவர்.

அப்போது மேசை விளிம்பில் இருந்த பெட்டி மூடி ஒன்று டார்ச்சின் காலடியில் விழுந்தது. பெரியவர் குனிந்து அதை எடுத்தார். எடுத்து, அதிலிருந்த பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மூடாமல் தனியாக வைத்தார்.

டார்ச் துளை உள்ள பேடை இன்னொரு தடவை விளக்கடித்துப் பார்த்தார். "இதைக் கட்டுங்க" என்றார். மன்னித்ததாகவோ மறந்ததாகவோ அவர் எதுவும் சொல்லவில்லை. பழைய துண்டை மேசையிலேயே விட்டுவிட்டு ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு போனார், அவ்வளவே.

அன்று மாலைக்குள் அலமாரி முழுவதையும் பிரித்தார்கள். மொழுமொழு சரக்கைத் தம்பி சுத்தியலால் நசுக்கினார். இப்போது எந்தச் சாமானும் செய்தவன் பெட்டியிலேயே இருக்கிறது. அதன்மேல் கடைப் பெயர் சின்னச் சீட்டாக, வந்த தேதியோடும் வாங்கியவர் கையெழுத்தோடும் ஒட்டப்படுகிறது. துளை உள்ள பேடு ஒன்றும், மொழுமொழு பேடு ஒன்றும், டார்ச்சின் துண்டும் மேசைக் கண்ணாடிக்கு அடியில் கிடக்கின்றன. வருபவர்கள் பார்க்கிறார்கள், சிலர் விளக்கடித்தும் பார்க்கிறார்கள். மகளின் பலகை மறுபடி தெருவைப் பார்த்துத் தொங்குகிறது. பட்டறைகளில் ஒன்பது திரும்பிவிட்டன. ஐந்து இன்னும் யோசிக்கின்றன. தம்பி முன்வாசல் வழியாக வருகிறார்.

பெரியவர் டார்ச்சின் காலில் விழுந்து அழுததாக டயர் கடைக்காரர் தெருவில் சொல்லி வருகிறார். விழவில்லை. அழவும் இல்லை. கீழே விழுந்தது ஒரு பெட்டி மூடி. அதை எடுக்கத்தான் குனிந்தார்.