அங்கேயே வெச்சிட்டுப் போங்க

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வாசற்கதவுக்கு முன்னால் இருந்தவர்கள்: நான், என் மகன், என் மருமகள், பேத்தி, எதிர்வீட்டுத் தையல்காரர். வேறு யாரும் இல்லை. தானும் அங்கே இருந்ததாக இந்தத் தெருவில் பின்னால் பலரும் சொல்லிக்கொண்டதால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். தையல்காரர்கூட ஸ்க்ரூடிரைவர் கொடுக்க வந்தவர்தான். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றுவிட்டார். வாசல் மணியைக் கழற்றியது யார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். ஏன் கழற்றினோம் என்பது முன்னால் வரவேண்டும்.

எங்கள் பழைய வீட்டுக் கதவில் ஒரு இரும்பு வளையம் இருந்தது. அதைத் தட்டுகிற விதத்திலேயே வந்தது யார் என்று அடுப்படி வரைக்கும் தெரியும். அப்பா ஒரு முறை தட்டுவார். திறக்கிற வரை அப்படியே நிற்பார். மறுமுறை தட்டுவது அவருக்குக் கௌரவக் குறைவு. அம்மாவுக்கு எப்போதும் இரண்டு கையிலும் பை இருக்கும். கதவின் அடிப்பலகையில் காலால் தட்டுவாள். என் தங்கை நிதானமாக ஒன்று தட்டுவாள், பிறகு அவசரமாக இரண்டு, கடைசியில் வளையத்தைப் பலகையோடு ஒரு இழுப்பு இழுத்து விடுவாள். அந்த இழுப்பால் கதவில் ஒரு பிறை வடுவே விழுந்திருந்தது.

அறியாத தட்டல் என்றாலும் உள்ளிருந்தபடி ‘யாரது’ என்று கேட்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. முதலில் திறக்க வேண்டும், பிறகுதான் கேள்வி. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு வந்தவரை விசாரிப்பதை அப்பா அவமரியாதை என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

வீட்டை இடித்தபோது தங்கை அந்த வளையத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். நாங்கள் மூன்றாவது மாடிக் குடியிருப்புக்கு வந்தோம்.

இங்கே எல்லாம் வசதி. மகன் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறான். மருமகள் பஸ் கம்பெனியில் எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று நேரம் போடுகிறவள். இரண்டு பேரும் நன்றாக உழைக்கிறவர்கள். வீட்டுக்கு வேண்டியதை வாங்கினார்கள், பிறகு வேண்டாததையும் வாங்கினார்கள். ஆளுக்கு ஒரு அறை, அறைக்கு ஒரு திரை. தானாக ஓடித் தரையைப் பெருக்கும் வட்ட மிஷின் ஒன்று. கேட்டால் பதில் சொல்லும் பெட்டி ஒன்று அடுப்படியில். கேட்காதபோதும் அது சில சமயம் பேசும். சாப்பாடு தயார் என்றால் போனில் செய்தி வரும். தட்டில் போட்டுக்கொண்டு அவரவர் அறைக்குப் போய்விடுவோம். அடுத்த அறையிலிருந்து மகன் எனக்கு ‘அப்பா, மாத்திரை போட்டாச்சா’ என்று செய்தி அனுப்புவான். நான் கட்டைவிரலைப் போட்டு அனுப்புவேன்.

வாசல் மணியும் அந்த வகைதான். பொத்தான் நிலைக்குப் பக்கத்தில். கேமராவும் ஒலிபெருக்கியும் நிலைக்கு மேலே. யார் அழுத்தினாலும் வீட்டுக்குள் சத்தம் வராது. மகனுடைய போனிலும் மருமகளுடைய போனிலும் அடிக்கும். தினமும் பார்சல் வருகிற வீடு என்பதால் மருமகள் தன் குரலிலேயே ஒரு பதிலைப் பதிவுசெய்து வைத்திருந்தாள். ஆபீஸில் இருந்தபடி ஒரு தொடு. மேலேயிருந்து அவள் குரல் சொல்லும்: “அங்கேயே வெச்சிட்டுப் போங்க. நன்றி.”

வந்த பார்சல்கள் செருப்பு அலமாரிமேல் ஏறும். பிரிக்கவே மறந்த பெட்டிகளும் அதில் இருக்கும். ஒருநாள் பேத்தி தன் வர்ணப் பெட்டியைத் தேடி அந்தக் குவியலைக் கலைத்தாள். அவளை வீட்டில் ‘வக்கீல்’ என்று கூப்பிடுவோம். எதையும் கேள்வி கேட்காமல் விடமாட்டாள். ஒரு பழைய செருப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்து, என் காதிலிருந்த ஹெட்போனை அவளே கழற்றினாள்.

“தாத்தா, இது நாம ஆர்டர் பண்ணதில்ல. அட்ரஸே இல்ல. யாரோ கயித்தால கட்டியிருக்காங்க.”

கயிற்றின் முடிச்சைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பிரித்தால், பழைய செய்தித்தாளுக்குள் வளையம்.

தங்கைக்கு போன் போட்டேன்.

“சொல்லு அண்ணா.”

“நீ இங்க வந்திருந்தியா?”

“வந்தேன். ஒரு பொண்ணு மேலேருந்து, அங்கேயே வெச்சிட்டுப் போங்கன்னு சொன்னா. நன்றியும் சொன்னா. மரியாதையான வீடு. வெச்சிட்டு வந்துட்டேன்.”

“வரதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணியிருக்கலாமே.”

“நம்ம வீட்டுக்கு நான் என்னைக்கு போன் பண்ணிட்டு வந்திருக்கேன்?”

“கதவையாவது தட்டியிருக்கலாம்.”

“தட்டினேன். எப்பவும் தட்டற மாதிரியேதான். கை வலிக்கிற வரைக்கும்.”

அந்த நேரத்தில் நான் வீட்டில்தான் இருந்தேன். ஹெட்போனை வாங்கிக் கொடுத்தது மகன், மாட்டிக்கொண்டது நான்.

“காது போச்சா அண்ணா? துறைமுகத்துல எங்கேயோ ஒரு சங்கிலி உரசினா எழுந்து உட்காருவியே.”

துறைமுகத்தில் பாரந்தூக்கிகளுக்கு நான் மேற்பார்வையாளனாக இருந்தவன். கண்ணி தேய்ந்த சங்கிலியைச் சத்தத்தை வைத்தே நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். “காது நல்லாத்தான் இருக்கு” என்றேன்.

அவள் வெளிநாட்டில் இருக்கும் மகளிடம் ஒரேயடியாகப் போய்விடப் போகிறாள். தன் வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறாள். போவதற்கு முன்னால் வளையத்தைக் கொடுத்துவிட்டு, எங்களோடு ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போகலாமென்று வந்திருக்கிறாள். இதையெல்லாம் ஏதோ பக்கத்து வீட்டுச் சமாச்சாரம் போலச் சொன்னாள்.

“மறுபடி ஒரு தடவை வரேன். எப்பன்னு சொல்லமாட்டேன். அந்த மணியத் தொடமாட்டேன். தட்டுவேன். கேட்டா திற. கேக்கலன்னா அப்படியே ஏர்போர்ட் போயிடறேன். உன்மேல எனக்கு வருத்தமெல்லாம் ஒண்ணும் இல்ல.”

எங்கள் குடும்பத்தில் வருத்தம் இல்லை என்று வாய்விட்டுச் சொன்னால், வருத்தம் கொஞ்சநஞ்சமில்லை என்று அர்த்தம்.

அன்று மாலை எல்லோரையும் கூடத்துக்கு வரச் சொன்னேன். செய்தி அனுப்பவில்லை, ஒவ்வொரு அறைக் கதவாகப் போய்ச் சொன்னேன். நடந்ததைக் கேட்டதும் மருமகளின் முகம் விழுந்துவிட்டது.

“நான் பார்க்கவே இல்ல மாமா. யாரா இருந்தாலும் அந்தப் பட்டனத்தான் தொடறேன். கை தானா போயிடுது.”

நான் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாசலில் நடந்த தவறு வீட்டுத் தவறு. அதற்கு ஒரு ஆளைப் பிடித்து நிறுத்துவது எங்கள் வழக்கம் இல்லை.

மகன் சமாதானம் சொன்னான். “அத்தை சும்மா சொல்றாங்கப்பா. வரும்போது போன் பண்ணுவாங்க.”

“உங்க அத்தை சும்மா சொல்லி நான் கேட்டதில்ல” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மணியைக் கழற்றிவிட்டு வளையத்தைக் கதவில் பொருத்தினோம். தையல்காரர் தலையை ஆட்டினார். “இந்தக் காலத்துல இந்தச் சத்தத்தக் கேட்டு யாருங்க திறக்கப் போறாங்க?”

“நாங்க திறப்போம் அங்கிள்” என்றாள் வக்கீல்.

உடனே சோதித்துப் பார்த்தோம். நாங்கள் அவரவர் அறையில் வழக்கம்போல இருக்க, மகன் வெளியே நின்று தட்டினான். ஒருவருக்கும் கேட்கவில்லை. கடைசியில் அவனே உள்ளே வந்து, “தட்டினேனே” என்று பரிதாபமாக நின்றான். இப்படித்தானே அவளும் நின்றிருப்பாள்.

அதன்பிறகு வீட்டில் நடந்தது யாரும் திட்டம் போட்டுச் செய்ததல்ல. ஒரு தட்டல் கேட்க வேண்டும், அவ்வளவுதான். என் ஹெட்போன் முதலில் போனது. அது இல்லாமல் டிவி போட்டால் வீடு முழுக்கச் சத்தம், டிவியும் போனது. பெருக்கும் மிஷின் நடுப்பகலில் செருப்பு அலமாரியில் முட்ட, நாங்கள் எல்லோரும் ஓடிவந்து கதவைத் திறந்து, வெறும் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அன்றே அதைப் பரண்மேல் போட்டாயிற்று, துடைப்பம் வந்தது. அடுப்படிப் பெட்டி யாரும் கேட்காமலே ஒருநாள் வானிலை சொன்னது. மருமகள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அதன் வயரைப் பிடுங்கினாள்.

பார்சல்காரர்கள் பாடுதான் பாவம். இப்போது அவர்களும் வளையத்தைத்தானே தட்ட வேண்டும். தட்டிய மறுநொடி கதவு விரியத் திறக்கும். உள்ளே ஒரு கிழவன், ஒரு மகன், கையில் தண்ணீர் டம்ளரோடு ஒரு மருமகள், ஒரு சிறுமி, எல்லோரும் வாயெல்லாம் பல்லாக நிற்போம். ஒருவன் இரண்டு படி பின்னால் இறங்கிவிட்டான். “சார், பார்சல்தான் சார்” என்றான், ஏதோ குற்றம் செய்தவன் போல. அத்தைக்கென்று எடுத்து வைத்த தண்ணீரை மருமகள் அவனுக்கே கொடுத்தாள்.

இப்படிச் சில தடவை நடந்தது. பிறகு அவள் ஒருநாள் என்னிடம், “இனிமே எதுவும் வாங்கப் போறதில்ல மாமா. ஒவ்வொரு தடவையும் கதவத் திறந்து, அத்தை இல்லன்னு பார்க்கிறது தாங்கல” என்றாள். அத்தோடு பார்சல் நின்றது. என்ன குறைந்து போயிற்று என்று பிறகு யோசித்துப் பார்த்தோம். யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

எல்லோரும் கூடத்துக்கே குடிவந்துவிட்டோம். பின்னறைகளில் தட்டல் சரியாகக் கேட்காது. மகன் மெழுகுப் பற்களைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் செதுக்குவான். யாரோ ஒரு பெரியவர், கல்யாணப் போட்டோவில் இருக்கிற அதே பல் வேண்டுமென்று பிடிவாதம் பிடித்ததாகவும், போட்டோவில் அவர் வாயை மூடிக்கொண்டிருந்ததாகவும் அவன் சொன்னபோது மருமகள் புரையேறுகிற அளவுக்குச் சிரித்தாள். என் மகன் வேடிக்கையாகப் பேசுவான் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. மருமகள் பஸ் நேரத் தாளைத் தரையில் விரித்து வைத்து, எந்த வண்டி எங்கே சிக்கும் என்று சொல்வாள். வக்கீல் தனக்கென்று ஒரு தட்டல் உண்டாக்கிக்கொண்டாள். அது மிக நீளம். சாவி கையில் இருந்தாலும் தட்டிவிட்டு நிற்பாள். பிறகு மகனும் அப்படியே. மருமகளுடையது மெதுவானது. ஆபீஸிலிருந்து களைத்து வருகிற நாளில் இன்னும் மெதுவாக இருக்கும். அன்று நானே தண்ணீர் எடுத்து வைத்துவிடுவேன்.

இப்போது பேத்தி வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அந்த நீளத் தட்டல் விடுமுறைக்குத்தான் கேட்கிறது. அப்பா அம்மா இருந்த பழைய வீட்டை நினைக்கிற மாதிரியே அந்தக் காத்திருந்த வாரங்களையும் இப்போது நினைக்கிறேன். இரண்டுக்கும் நடுவே எத்தனையோ வருஷம் என்றாலும் எனக்கு ஒரே வீடாகத்தான் தோன்றுகிறது.

ஆனால் அந்த வாரங்களில் தங்கை வரவில்லை. அவள் பயணம் நெருங்கிக்கொண்டிருந்தது.

“ஒருவேளை வந்து தட்டிட்டுப் போயிட்டாங்களோ அப்பா?” என்றான் மகன். “ஒரு போன் போட்டுக் கேட்டுடலாமே.”

“கூடாது. வாசலுக்கு வரேன்னு சொன்னவள வாசல்லதான் பார்க்கணும்.”

சொல்லிவிட்டேனே தவிர, அன்றிலிருந்து குளிக்கும்போதுகூடக் குழாயை அடிக்கடி மூடி மூடித் திறந்தேன்.

ஒரு மாலை நல்ல மழை. சன்னல்களைச் சாத்தியிருந்தோம். மகன் பல் செதுக்கிக்கொண்டிருந்தான். மழைச் சத்தத்துக்கு நடுவே நிதானமாக ஒன்று கேட்டது. பிறகு அவசரமாக இரண்டு. கடைசியில் இரும்பு மரத்தில் உராய்கிற அந்த இழுப்பு.

யாரும் ஓடவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன்.

“நீ போய்த் திறம்மா” என்றேன் மருமகளிடம்.

அவள் போனாள். ‘யாரது’ என்று கேட்கவில்லை. திறந்தாள்.

தங்கை நனைந்த குடையோடு நின்றாள். கையில் ஒரு பை. மருமகளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இத எங்க வைக்கட்டும்?” என்றாள்.

“எங்கேயும் வைக்க வேணாம் அத்தை” என்று மருமகள் பையை வாங்கிக்கொண்டாள். “போகவும் வேணாம். உள்ள வாங்க.”

“குரல் அதேதான்” என்றாள் தங்கை. “நேர்ல கேட்டா நல்லாருக்கு.”

உள்ளே வந்தவள் கூடத்தைச் சுற்றிலும் பார்த்தாள். டிவி இருந்த சுவரில் நான்கு ஆணித்துளைகள். “என்ன அண்ணா, திருடன் கிருடன் வந்துட்டானா?”

“வந்தா அவனும் தட்டிட்டுத்தான் வரணும் அத்தைப் பாட்டி” என்றாள் வக்கீல்.

தங்கை அன்று எங்களோடு சாப்பிட்டாள். மறுநாளும் சாப்பிட்டாள். விமானத்துக்குக் கிளம்புகிற வரை எங்கள் வீட்டில்தான் இருந்தாள். போகும்போது கதவை வெளியிலிருந்து சாத்தி, வளையத்தை ஒருமுறை இழுத்துவிட்டுப் படியிறங்கினாள். இந்தக் கதவிலும் இப்போது பிறை மாதிரி ஒரு கீறல் இருக்கிறது. அதன்மேல் வர்ணம் பூச நான் விடவில்லை.

எடுத்து வைத்த சாமான்கள் திரும்ப வரவில்லை. டிவி எதிர்வீட்டுத் தையல் கூடத்தில் ஓடுகிறது. நல்ல ஆட்டம் என்றால் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். வீட்டுக்கு வந்ததும் போன்கள் செருப்பு அலமாரிமேல் ஏறிவிடும். பார்சல் இருந்த இடம் காலிதானே.

மாமனார் பிடிவாதம் பிடித்து, மருமகள் ஆசையாக வாங்கியதையெல்லாம் தூக்கி எறிந்தார், மணியைப் பிடுங்கினார் என்று இந்தத் தெருவில் ஒரு பேச்சு உண்டு. அது உண்மை இல்லை. மணியைக் கழற்றியது என் மருமகள். “இது இருந்தா என் கை மறுபடி போகும்” என்று சொல்லி, ஏறி நின்று, அவளே எல்லாத் திருகாணியையும் கழற்றினாள். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.