பதினொரு மாதத்துச் சங்கப் பணம்

காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, தான் ஓட்டும் பள்ளிப் பேருந்தை நிலையத்தில் நிறுத்திவிட்டு ரொவீனா வீட்டுக்குள் நுழைந்தபோது கணவன் ட்வைட் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தான். காப்பியைத் தொட்டிருக்கவில்லை. எதிரே கிழித்த உறை ஒன்று, பதிவுத் தபாலின் பச்சைச் சீட்டோடு கிடந்தது.

"தபால்காரர் கையெழுத்து கேட்டாரு, போட்டேன்," என்றான். "உன் பேருக்குத்தான் வந்துச்சு. கோர்ட்டுன்னு போட்டிருந்துச்சா, பஸ்ஸுல எந்தப் புள்ளைக்காவது ஏதாச்சும் ஆயிடுச்சோன்னு பயந்து பிரிச்சுட்டேன்."

கோட்டைக் கழற்றாமலே அவள் தாளை எடுத்துப் பார்த்தாள். ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது டாலர். வாதி, அவள் கேள்விப்பட்டேயிராத ஒரு நிறுவனம். பிரதிவாதி, ரொவீனா ஸ்டாட்லர். இருபத்தெட்டு நாளுக்குள் பதில் தர வேண்டும்.

"தேதியெல்லாம் பாத்தேன்," என்றான் ட்வைட். "நான் இடுப்பு ஒடிஞ்சு கெடந்த வருஷம். அப்ப நமக்குச் சங்கத்துல பணம் வந்துக்கிட்டு இருந்துச்சே?"

அவள் தாளை மடித்து உறைக்குள் வைத்தாள். அவன் இரண்டாவது முறை கேட்கவில்லை. கைத்தடியை எடுத்துக்கொண்டு கார்க் கொட்டகைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

நான்கு வருஷத்துக்கு முன்னால், டொலீடோ நகரத்துக் கண்ணாடித் தொழிற்சாலையில் ஏணியிலிருந்து விழுந்து பதினொரு மாதம் படுக்கையில் கிடந்தான் ட்வைட். இழப்பீடாக வந்தது வீட்டுத் தவணைக்கே போதவில்லை. வீட்டை விற்றுவிடலாம் என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்வான். சாப்பாட்டைப் பாதியில் தள்ளிவிடுவான். ஒரு மாலை, அவன் காலுக்குத் தலையணை வைத்துக்கொண்டிருந்தபோது, யோசிக்காமலே அவள் வாயில் அந்தப் பொய் வந்துவிட்டது. அவனுடைய தொழிற்சங்கத்தில் நலநிதி என்று ஒன்று இருக்கிறதாம், மாதாமாதம் தருவார்களாம், செயலாளர் ஹெர்ஷல்தான் ஏற்பாடு செய்தாராம், ஆனால் வெளியே மூச்சு விடக்கூடாதாம். அன்றைக்கு ட்வைட் தட்டை வழித்துச் சாப்பிட்டான். அந்த ஒரு தட்டுக்காக அவள் நான்கு கடன் அட்டைகளைத் தேய்த்தாள்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. எழுந்து நடக்க ஆரம்பித்ததும் அவன் சங்கக் கட்டடத்துக்குக் கிளம்பிவிட்டான், பட்ட கடனை உழைத்துத் தீர்க்க. தரை துடைத்தான், உடைந்த நாற்காலிகளுக்குக் கால் வைத்தான், இறைச்சி தொடாத தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சங்கத்து விருந்துக்கு மணிக்கணக்காக நின்று மீன் பொரித்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எண்ணெய் வாசனையோடு அவன் வீடு திரும்பும்போதெல்லாம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றும். மூன்று வருஷம் தோன்றிக்கொண்டே இருந்தது.

அட்டைகளின் வட்டி கழுத்தை நெரித்தபோதுதான் வானொலி விளம்பரம் கேட்டுக் கடன் தீர்வுத் திட்டத்தில் சேர்ந்தாள். அட்டைகளுக்குக் கட்டுவதை நிறுத்துங்கள், மாதம் முந்நூற்றுப் பத்து டாலரைத் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள், சேரச் சேர நாங்கள் பேரம் பேசி ஒவ்வொன்றாகக் குறைந்த தொகைக்கு முடித்துத் தருகிறோம் என்றார்கள். இரண்டை முடித்தும் கொடுத்தார்கள். மூன்றாவது அட்டையின் கடனை வங்கி யாருக்கோ விற்றுவிட, வாங்கிய நிறுவனம் வழக்குப் போட்டுவிட்டது.

திட்டக்காரர்களுக்குப் போன் செய்தாள். ட்ரெவர் என்ற பையன் வழக்கம்போல உற்சாகமாகப் பேசினான்.

"இதெல்லாம் சகஜம் மேடம், பயப்படாதீங்க. அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்புங்க. எங்க ஆளுங்க பேரம் பேசிக்கிட்டுதான் இருக்காங்க."

"சரிப்பா, கோர்ட்டுக்கு யாரு போறது?"

"அது வந்து... நாங்க வக்கீல் இல்லையே. வழக்குப் போட்டா எங்களால தடுக்க முடியாதுன்னு ஒப்பந்தத்துல பதினோராம் பக்கத்துல இருக்கு, நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"பதில் குடுக்காம விட்டா?"

"அவங்க கேட்டபடியே தீர்ப்பாயிடும். சம்பளத்துல கால்வாசி வரைக்கும் பிடிக்கலாம்." அதையும் உற்சாகம் குறையாமல்தான் சொன்னான்.

மூன்று நாள் ட்வைட் பேசவில்லை. உப்பை நகர்த்திக் கொடுத்தான், குப்பையை வெளியே வைத்தான், பேசத்தான் இல்லை. வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குப் போன் அடித்தது. ஹெர்ஷல்.

"எங்க உன் புருஷன்? இருநூறு பேருக்கு மீனு வந்து எறங்கியிருக்கு, துரை இன்னும் வரலையே?"

அவனுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி வைத்திருக்கலாம். பொய் சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். நலநிதி என்று ஒன்று இல்லாததை, அவர் பெயரை இழுத்ததை, இப்போது வழக்கு வந்திருப்பதை.

"அடப்பாவி," என்றார் ஹெர்ஷல். "அதான் என்னைப் பாக்குறப்பல்லாம் அவனுக்குக் கண்ணு கலங்குதா? நான் மண்டையில ஏதோ கோளாறுன்னு நெனச்சு என் பொண்டாட்டிகிட்ட வேற சொல்லி வச்சிருக்கேன்."

திரும்பியபோது ட்வைட் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு கேட்டான் என்று தெரியவில்லை. கையை நீட்டிப் போனை வாங்கினான்.

"மாவு கரைச்சாச்சா?" என்றான். "தண்ணியா கரைக்கச் சொல்லாதீங்க. வரேன்."

அன்றிரவு ட்வைட் திரும்பி வந்து ஒரு மீன் பொட்டலத்தை மேசைமேல் வைத்தான். "ஹெர்ஷல் குடுத்தாரு. உனக்கு." அவள் பிரித்துச் சாப்பிடும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தான். பிறகு, "அந்தப் பதில எழுதிட்டியா?" என்று கேட்டான்.

எழுதவில்லை. மூன்று வாரம் கழித்து நீதிமன்றக் கவுண்டருக்குப் போனாள். "சட்டம் பத்தி நான் ஒண்ணும் சொல்லக்கூடாதும்மா," என்றாள் அங்கிருந்த பெண். "ஆனா அந்தப் பெட்டியில ஒரு படிவம் இருக்குன்னு சொல்லலாம்." காலை ஓட்டத்துக்கும் மதிய ஓட்டத்துக்கும் நடுவே, காலிப் பேருந்தில் ஸ்டீயரிங்மேல் வைத்து அதை நிரப்பினாள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒப்புக்கொள்கிறேன், மறுக்கிறேன், தெரியாது என்று மூன்று கட்டங்கள். எல்லாவற்றையும் மறுத்துவிடு என்று சக ஓட்டுநர் ஒருத்தி சொல்லியிருந்தாள். ஆனால் ரொவீனா, அட்டை தன்னுடையதுதான் என்பதை ஒப்புக்கொண்டாள். தொகைக்கு நேரே, தெரியாது, கணக்கைக் காட்டவும் என்று எழுதினாள். கெடுவுக்கு நான்கு நாள் மிச்சமிருக்க, முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள்.

மே மாதம் விசாரணைக்கு அழைத்தார்கள். ட்வைட் தானாகவே முகம் மழித்து, டை கட்டிக்கொண்டு வந்து காரில் ஏறினான். நீதிமன்றத் தாழ்வாரத்தில் எதிர்த்தரப்பு வக்கீல், முப்பது வயதுகூட இராத பெண், தள்ளுவண்டி நிறையக் கோப்புகளோடு நின்று பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பெயர். பதில் இல்லை. ஒரு டிக். அடுத்த பெயர். மறுபடி டிக். பதினேழு பெயர்களில் நான்கு பேர்தான் வந்திருந்தார்கள். வராதவர்களின் வீட்டு இழுப்பறைகளில் கிடக்கும் உறைகளை ரொவீனா நினைத்துப் பார்த்தாள்.

"ஸ்டாட்லர்? மொத்தத் தொகைக்கு ஒப்புதல் தீர்ப்பு, மாசம் நூத்தம்பது. இங்க ஒரு கையெழுத்து போட்டா போதும். ஜட்ஜைப் பாக்கவே வேண்டாம்."

ரொவீனா பேனாவை வாங்கிவிட்டாள். ட்வைட் அவள் மணிக்கட்டில் விரலை வைத்தான்.

"கணக்கு கேட்டிருந்தோமேம்மா," என்றான்.

அந்தப் பெண் பெருமூச்சு விட்டு, வண்டிக்குள் தேடி ஒரு கத்தைத் தாளைக் கொடுத்தாள். இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். முப்பது வருஷம் கண்ணாடிப் பெட்டிகளை எண்ணி அனுப்பிய ட்வைட்டின் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. மருந்துக்கடை. குளிர்காலத்து எரிவாயு. மருந்துக்கடை. குளியலறைச் சுவரில் பதித்த பிடி. நடக்கப் பழக வாங்கிய கம்பிச் சட்டம். தன் பதினொரு மாதத்தை ட்வைட் வேறொருவரின் கணக்குத் தாளில் படித்துக்கொண்டிருந்தான்.

"இது என் அறுபதாவது பொறந்தநாள் சாப்பாடு."

"ம்."

"நான் ரெண்டாந்தடவை கறி வாங்கினேனே."

"வாங்கினே. கேக்கும் தின்னே."

அவன் சிரிக்கவில்லை. இன்னும் நான்கு பக்கம் புரட்டினான். "இதுல உனக்குன்னு ஒண்ணுமே காணோமே, ரொவீனா."

"ஒரு ஜோடி ஷூ இருக்கும் பாரு," என்றாள் அவள். "பஸ் ஓட்ட. பின்னாடி பக்கத்துல."

அந்தப் பின்பக்கத்தில்தான் அவன் அதைக் கண்டுபிடித்தான். கடைசி மூன்று மாத அபராதமும் வட்டியும் இரண்டு முறை ஏறியிருந்தன. வக்கீல் பெண் வாங்கிப் பார்த்து, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு போனோடு ஜன்னல் பக்கம் போனாள். ரொவீனாவும் ட்ரெவரைப் போனில் கூப்பிட்டாள். ஒரு மணி நேரம் இழுத்து, மூவாயிரத்துத் தொள்ளாயிரத்தில் வந்து நின்றது. திட்டக் கணக்கில் சேர்ந்திருப்பது முதலில், மீதி பன்னிரண்டு தவணை. "எங்க கட்டணம் தனி, மேடம்," என்றான் ட்ரெவர். உள்ளே நீதிபதி இரண்டு நிமிடம்தான் எடுத்துக்கொண்டார். ஒழுங்காகக் கட்டினால் வழக்கு தள்ளுபடியாகும், தவறினால் தீர்ப்பு. சம்பளம் இப்போதைக்குத் தப்பியது. நான்காவது அட்டை இன்னும் பாக்கி. அதற்கு எப்போது தபால்காரர் வருவார் என்று யாருக்கும் தெரியாது.

மதிய ஓட்டத்துக்கு நேரமாகிவிட்டிருந்தது. ட்வைட் நேராகப் பேருந்து நிலையத்துக்குக் காரை விட்டான். அவள் இறங்கி ஓடிப்போய் வண்டியைக் கிளப்பினாள். அன்றைக்கென்று யாரோ அவள் பேருந்துக்குப் பின்னால் குறுக்காக ஒரு வேனை நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். கண்ணாடியில் பார்த்தபோது, வேலிக்கு வெளியே நிற்பான் என்று நினைத்த ட்வைட், டை காற்றில் தோள்மேல் புரள, கைத்தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு நிலையத்துக்குள் நொண்டி நொண்டி வந்துகொண்டிருந்தான். வேனுக்கும் பேருந்துக்கும் நடுவே வந்து நின்று, இரண்டு கைகளையும் தூக்கினான்.

பத்தொன்பது வருஷமாக அவள் யாருடைய உதவியும் இல்லாமல் பேருந்தைப் பின்னால் எடுத்திருக்கிறாள். அவன் காட்டிய பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்பினாள். கண்ணாடிக்குள் அந்தக் கைகள், வா, வா, இன்னும் வா என்று அசைந்துகொண்டிருந்தன.