ஒரே வேகத்தில் இரண்டு கேம்பேடு

பொத்தானை ஒரு தடவை அமுக்கினால் போதும். இதைச் சொல்லிச் சொல்லியே என் பாதி ஆயுள் போய்விட்டது. லிஃப்ட் வரவில்லை என்று பத்துத் தடவை குத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நீங்கள் குத்துகிற குத்தில் அது பயந்துபோய் ஓடிவரப் போகிறதா என்ன? பதினாறு வருஷமாக லிஃப்ட் பழுதுபார்க்கிறவன் சொல்கிறேன், ஒரு தடவை போதும். இப்படிப்பட்ட நான் ஒரு சண்டை விளையாட்டில், அதுவும் என் சொந்த மனைவியை எதிர்த்து உட்கார வேண்டி வந்தது என் தலையெழுத்து.

எங்கள் கம்பெனியில் ஒரே வாரத்துக்கு இரண்டு பேர் லீவு கேட்டால் சண்டை போட்டுத்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும். முன்பெல்லாம் நிஜமாகவே போட்டுக்கொண்டோம். ஒரு முறை கிரீஸ் டப்பா ஒன்று பறந்து மேலாளரின் வெள்ளைச் சட்டையில் இறங்கியது. மறுநாளே அவர் தன் வீட்டில் சும்மா கிடந்த கேம் கன்சோலையும், கையில் பிடித்துப் பொத்தான் அமுக்கி ஆடுகிற கேம்பேடு இரண்டையும் தூக்கிவந்து ஓய்வறை டிவியில் மாட்டிவிட்டார். கூடவே விதிமுறையையும் தட்டச்சு செய்து, பிளாஸ்டிக் உறை போட்டுச் சுவரில் ஒட்டினார். மூன்று ரவுண்டு. ஜெயித்தவருக்கு லீவு. தோற்றவருக்கு வேலை. தாளின் அடியில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்ததாலோ என்னவோ, இன்னொரு வரியும் சேர்த்திருந்தார்: 'இருவருக்கும் ஒரே முடிவு வந்தால் இருவருக்கும் லீவு.' பதினோரு வருஷத்தில் அந்த வரிக்கு ஒரு நாளும் வேலை வந்ததில்லை.

எங்கள் கதையைச் சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் வேலையில் ஒருவர் கட்டடத்தின் உச்சியில் மெஷின் ரூமில் நிற்பார். இன்னொருவர் அடியில், குழிக்குள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, குரல் மட்டும்தான் போய்வரும். மேலே நிற்பவர் எதைத் தொடுவதற்கு முன்னாலும் "செய்யட்டுமா?" என்று கேட்க வேண்டும். கீழே இருப்பவர் "செய்" என்றால்தான் கை வைக்கலாம். "இரு" என்றால் கையை எடுத்துவிட வேண்டும். "இரு" என்றவரே மறுபடி "செய்" என்று சொல்லும்வரை, வானமே இடிந்து விழுந்தாலும் அசையக் கூடாது. அசைந்தால் கீழே இருப்பவர் கூழாகிவிடுவார்.

இரண்டு வருஷம் நான் மேலே, அவள் கீழே. அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. ஒருநாள் பதினான்கு மாடி உயரத்திலிருந்து, "கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன். செய்யட்டுமா?" என்று குனிந்து கத்தினேன்.

"இரு" என்றாள்.

நாற்பது நிமிஷம் நின்றேன். கால் மரத்துவிட்டது. மூக்கில் கொசு உட்கார்ந்தது, அதைக்கூட ஓட்டவில்லை. பிறகுதான் "செய்" என்று வந்தது.

கல்யாணமான அடுத்த வாரமே மேலாளர் எங்களைப் பிரித்துவிட்டார். கணவனும் மனைவியும் ஒரே ஷிஃப்டில் இருந்தால் வேலையில் கவனம் இருக்காதாம். எனக்குப் பகல், அவளுக்கு இரவு. வார விடுமுறைகூட வேறு வேறு நாள்; அன்றும் பழக்கதோஷத்தில் அவள் பகலில்தான் தூங்குவாள், நான் இரவில்தான். காலையில் நான் ஷூவை மாட்டும்போது அவள் ஷூவைக் கழற்றுவாள். அந்த இருபது நிமிஷம்தான் எங்கள் குடித்தனம். வீட்டில் ஒரு கட்டில், ஒரு தலையணை. எந்நேரமும் ஒரே ஆள்தான் படுப்பது என்பதால் இரண்டாவது தலையணை தேவைப்படவே இல்லை. இரண்டு பேருமே ஜன்னலோரம் இடது பக்கம்தான் படுப்போம். வலது பக்கத்தில் மடித்த துணியும் என் பழைய ஸ்பானர் பெட்டியும் இருக்கும். இப்படியே ஆறு வருஷம் ஓடிவிட்டது. எனக்குள் இது எவ்வளவு வலித்தது என்பதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு இருந்த ஒரே ஆளும் அந்நேரம் தூங்கிக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் காலை, வாய் நிறைய பற்பசை நுரையோடு அவள் கேட்டாள், "அந்தக் கடைசி வரியைப் படிச்சிருக்கீங்களா?"

வீட்டில் அவள் எனக்கு 'நீங்க' தான். குழிக்குள்ளிருந்து மட்டும்தான் 'இரு', 'செய்' எல்லாம்.

"எந்தக் கடைசி வரி?"

"ஒரே முடிவு வந்தா ரெண்டு பேருக்கும் லீவு. நாம ஒரே வாரம் கேப்போம். ஒரே வாரம், ஒரே சமயம். ஏழு நாள்ங்க!"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு ஷூவோடு வேலைக்குப் போய்விட்டேன்.

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் அவசரத்துக்குக் கூப்பிட்டால் எடுத்துப் பேசுகிற அக்கா ஒருத்தர் எங்கள் ஆபீசில் உண்டு. போன் அக்கா என்போம். எங்கள் கம்பெனியின் சண்டைச் சாம்பியன் அவர்தான். அவரிடம் யோசனை கேட்டேன்.

"ரெண்டு பேரும் ஒரே கணத்துல அடிச்சு ஒரே கணத்துல விழணும்" என்றார். "ஒரு செகண்டை அறுபதாப் பிரிச்சு, அதுல ஒரே துண்டுல விழணும். நம்ம ஆபீஸ் கேம்பேடை வெச்சு நடக்காது. ஒண்ணுல டீ கொட்டி பொத்தான் ஒட்டிக்கிச்சு. இன்னொண்ணு அமுக்கினா நாளைக்குத்தான் அடிக்கும். நல்லதா, ஒரே மாதிரி ரெண்டு வாங்கிட்டு வாங்க."

என் விடுமுறை நாளில், அவள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வர, இருவரும் கடைக்குப் போனோம். கட்டைவிரல் இரண்டிலும் பிளாஸ்திரி ஒட்டிய ஒரு வழுக்கைத் தலைக்காரர் கடையில் இருந்தார். கொள்கைக்காக ரத்தம் சிந்தியவர் போல நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"எதுக்கு சார் வேணும்?"

"சண்டை விளையாட்டுக்கு" என்றேன். "ரெண்டு பேரும் தோக்கணும்."

அவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "ஜெயிக்கிறதுக்குத்தான் சார் எல்லாரும் வாங்குவாங்க. தோக்கிறதுக்கு இங்க கிடக்கிற ஓசிப் பேடே போதுமே!"

"ஒரே நேரத்துல தோக்கணும். அதுக்கு நல்ல சாமான் வேணும்."

அந்த வார்த்தை அவருக்குள் எதையோ தொட்டுவிட்டது. கடையின் முன்கதவைப் பாதி சாத்திவிட்டு வந்தார். முதலில் வண்ண வண்ணமாக விளக்கு எரிகிற ஒன்றைக் காட்டினார். அடி வாங்கினால் கையில் அதிருமாம். "லிஃப்ட் அதிர்ந்தாலே எனக்கு வயித்தைக் கலக்கும், வேண்டாம்" என்றேன். அடுத்தது வயர் இல்லாதது. என் மனைவி, "வயர் இல்லாத எதையும் நான் நம்பமாட்டேன்" என்றாள். பதினான்கு மாடிச் சுமையைக் கம்பியை நம்பியே தலைக்கு மேலே தொங்கவிட்டு வேலை பார்த்தவள், வேறு எப்படிப் பேசுவாள்?

"அம்மா சொல்றதுதான் சரி" என்றார் கடைக்காரர். "சண்டைக்கு வயர்தான். மேலே நீட்டிக்கிட்டிருக்கிற குச்சியை நம்பாதீங்க, அது கார் விளையாட்டு ஆடுறவங்களுக்கு. உங்களுக்கு வேண்டியது இந்த இடது பக்கத்து திசைப் பொத்தான். கீழே, அங்கிருந்து கோணத்துல, அப்புறம் முன்னே. விரலைத் தூக்காம ஒரே இழுப்பா இழுக்கணும். மட்டமான பேடுல அந்தக் கோணம் விழாது. நீங்க நெருப்பைக் கக்கணும்னு நினைப்பீங்க, உங்க ஆள் சும்மா குனிஞ்சு உட்காருவான். அப்புறம் வலது பக்கம் ஆறு பொத்தானும் மேலேயே வரிசையா இருக்கணும். சில பேடுல பின்னாடி ரெண்டை ஒளிச்சு வெச்சிருப்பான், அதைத் தேடுறதுக்குள்ள உங்க கதை முடிஞ்சிரும். கடைசியா, உங்க வீட்டு கன்சோலுக்கு அது சேருமான்னு பெட்டியில பாத்துக்கணும்."

ஆறு பொத்தான், வயர், நல்ல திசைப் பொத்தான் என்று தட்டையான கறுப்புப் பேடு ஒன்று வந்தது. கையில் வாங்கியதுமே அவள் கண்ணை மூடிக்கொண்டு காதருகே வைத்து அமுக்கினாள். "டிக்" என்றது. பொய் சொல்லாத சத்தம். "இதே மாதிரி இன்னொண்ணு" என்றாள்.

இன்னொன்று வந்தது. ஆனால் லிஃப்ட்காரர்கள் எந்தப் பொருளும் இன்னொன்று போல இருக்கும் என்று பெட்டியைப் பார்த்து நம்பமாட்டார்கள். நான் பையிலிருந்து இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளை எடுத்தேன். அவள், லிஃப்ட் கதவு எவ்வளவு பலத்தோடு மூடுகிறது என்று பார்க்கிற சின்ன ஸ்பிரிங் தராசை எடுத்தாள். ஒவ்வொரு பொத்தானும் எவ்வளவு அழுத்தத்துக்கு இறங்குகிறது என்று சிகரெட் அட்டை ஒன்றின் பின்பக்கம் குறித்துக்கொண்டே வந்தோம். ஒன்று கொஞ்சம் சோம்பேறி. இன்னொன்று முந்திரிக்கொட்டை. பதினோரு பெட்டியைப் பிரித்த பிறகு, நான்காவதும் ஒன்பதாவதும் அச்சு அசலாக ஒத்துப்போயின. கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஜாதகம்கூட இப்படிப் பாத்ததில்ல சார் என் பொண்ணுக்கு" என்றார்.

அன்றிலிருந்து தினமும் அந்த இருபது நிமிஷமும் பயிற்சிதான். வீட்டில் கன்சோல் கிடையாது. ஆகவே எதிலும் மாட்டாத பேடுகளை மடியில் வைத்துக்கொண்டு, மூன்று எண்ணி, ஒரே நேரத்தில் அமுக்குவோம். ஒரே ஒரு "டிக்" கேட்க வேண்டும். ஒரு நாளும் கேட்கவில்லை. எப்போதும் "டிக், டிக்" தான். காரணம் தெரிந்ததுதான். மூன்று என்றதும் என் வாய் தானாக "செய்யட்டுமா?" என்று கேட்கும். அவள் "செய்" என்ற பிறகுதான் என் விரல் இறங்கும். அவள் விரலோ, மேலே வேலை முடிகிற சத்தம் கேட்டால்தான் இறங்கும். ஒரே நேரத்தில் இரண்டு பேரும் கை வைப்பது எங்கள் தொழிலில் கொலைக்குச் சமம். இதைப் போய் ஒரு மாதத்தில் மறக்க முடியுமா? வாயில் துணியைக்கூட அடைத்துப் பார்த்தேன். புருவத்தால் கேட்டுவிட்டேன்.

சண்டை நாளும் வந்தது. மதியம், சாப்பாட்டு இடைவேளையாகப் பார்த்து வைத்திருந்தார்கள். ஓய்வறையில் நிற்க இடமில்லை. மேலாளர் முன்வரிசையில் தன் சுழல் நாற்காலியை உருட்டிவந்து போட்டுப் பொத்தென்று உட்கார்ந்தார். அவர் ஒரு தடவை உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். நாங்கள் அதற்கு முன்பே பேடுகளைச் செருகியிருந்தோம். திரையில் என் சார்பில் ஒரு தாடிக்காரனும், அவள் சார்பில் கரடி மாதிரி ஒரு பெண்ணும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். ஏழு நாளும் என் கட்டைவிரலில் தொங்கிக்கொண்டிருந்தன. அடிக்கத் தெரியாததால் ஒருவர் தப்பித்தவறி ஜெயித்துவிட்டால், அவ்வளவுதான், அந்த ஒருவர் தனியாக அதே கட்டிலில் ஒரு வாரம் கிடக்கலாம்.

"ஆரம்பி" என்றது திரை. மேலே தொண்ணூற்றொன்பதிலிருந்து எண் குறையத் தொடங்கியது.

"செய்யட்டுமா?" என்றேன். வேண்டுமென்று இல்லை, தானாக வந்துவிட்டது.

அவள் குனிந்து பார்த்தாள். அவளுடைய வயர் மேலாளரின் நாற்காலிச் சக்கரத்துக்கு அடியில் மாட்டியிருந்தது. இழுத்துப் பார்த்தாள், வரவில்லை.

"இரு" என்றாள்.

நான் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டேன். அறையே சிரித்தது. பெண்டாட்டி 'இரு' என்றால் இருக்கிறானே என்று ஒருத்தன் விசில் அடித்தான். "அடிடா!" என்றார்கள். "ஒத்தை அடி போதும், விழுந்துருவா!" என்று யாரோ தோளைக் குலுக்கினார்கள். என் காதில் எதுவும் ஏறவில்லை. அவள் ஒரு கையில் பேடும் ஒரு கையில் வயருமாகச் சக்கரத்தோடு மல்லுக்கட்டினாள். "சார், கொஞ்சம் எழுந்திரிங்க சார்" என்றாள். மேலாளர் எழுந்திருப்பதைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார். முப்பது, இருபது, பத்து. தாடிக்காரனும் கரடிப் பெண்ணும் எதிரெதிரே நின்று மூச்சு மட்டும் விட்டார்கள்.

எண் பூஜ்யத்துக்கு வந்தது. 'சமம்' என்று திரையில் எழுந்தது.

வயர் வந்துவிட்டது. ஆனால் அவள் அதைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பதினான்கு மாடிக் கட்டடத்தில் வெளிச்சம் வந்த மாதிரி அவள் முகம் மாடி மாடியாகத் தெளிந்தது.

இரண்டாம் ரவுண்டு.

"செய்யட்டுமா?"

"இரு" என்றாள், வாயெல்லாம் பல்லாக.

மூன்றாவதிலும் இரு. அந்த நான்காவது பெட்டியும் ஒன்பதாவது பெட்டியும், அளந்து அளந்து பொறுக்கிய பன்னிரண்டு பொத்தான்களும், ஒரு "டிக்" கூடச் சொல்லாமல் எங்கள் மடியில் கிடந்தன. மூன்றிலும் யாரும் ஜெயிக்காததால், முடிவில் திரை சிவந்து, 'இருவரும் தோல்வி' என்றது.

மேலாளர் துள்ளி எழுந்தார். அவர் துள்ளி நான் அன்றுதான் பார்த்தேன். "பாத்தீங்களா? ரெண்டு பேரும் தோத்துட்டீங்க! தோத்தவங்களுக்கு வேலை! யாருக்கும் லீவு கிடையாது!"

அப்போது போன் அக்கா எழுந்து சுவரருகே போனார். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசுகிற அதே நிதானமான குரலில் வாசித்தார்: "'இருவருக்கும் ஒரே முடிவு வந்தால் இருவருக்கும் லீவு.' ஜெயிக்கணும்னு இதுல போடலையே சார். கீழே உங்க கையெழுத்துதானே?"

மேலாளர் கிட்டே போய்ப் பார்த்தார். அவர் கையெழுத்துதான். பிளாஸ்டிக் உறை போட்டிருந்ததால் கிழிக்கவும் முடியவில்லை.

"அப்ப குழிக்குள்ள யாரு இறங்குறது?" என்றார் பரிதாபமாக.

எல்லோரும் அவரையே பார்த்தோம்.

லீவின் முதல் நாள் இரண்டு பேரும் ஒன்றாகச் சமைத்து, ஒன்றாகச் சாப்பிட்டோம். யார் எந்தத் தட்டில் சாப்பிடுவது என்பதே தெரியவில்லை, வீட்டில் ஒன்றுதான் பெரியது. சாப்பிட்டதும் கொஞ்சம் கண்ணயரலாம் என்று உள்ளே போனோம். போய், கட்டிலின் இடது பக்கம் வந்து நின்று, ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டோம்.

"என் பக்கம்" என்றேன்.

"என் பக்கம்ங்க" என்றாள்.

அப்புறம்தான் உறைத்தது. இரண்டு கேம்பேடு வாங்கப் பதினோரு பெட்டியைப் பிரித்தவர்கள், இரண்டாவது தலையணை ஒன்று வாங்க வேண்டும் என்று யோசிக்கவே இல்லை. அவள் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். அழுதுகொண்டிருந்தாள்.

நான் துணிமடிப்பையும் ஸ்பானர் பெட்டியையும் எடுத்துக் கீழே வைத்தேன். வலது பக்கம் மெத்தை வாங்கிய அன்று இருந்த மாதிரியே மேடாக, விறைப்பாக இருந்தது. இடது பக்கத்தில் மட்டும் ஒரு பள்ளம். ஆறு வருஷமாக அவள் பகலிலும் நான் இரவிலும் படுத்து, இரண்டு உடம்பும் சேர்ந்து செய்த ஒரே பள்ளம். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அதில் படுத்தாள். நான் மேட்டில் ஏறிப் படுத்தேன். மெத்தை ஒரு நிமிஷம்கூட என்னை அங்கே விடவில்லை, உருட்டிக்கொண்டு போய் அவளிடம் சேர்த்தது. அவள் தோள் என் தாடையில் இடித்தது.

"நகர்ந்துக்கட்டுமா?" என்றேன்.

"இரு" என்றாள்.

தொழில் படித்தவன் நான். 'இரு' என்றவரே மறுபடி 'செய்' என்று சொல்லும்வரை அசையக் கூடாது. அவள் சொல்லவில்லை.