சாப்பாட்டு அறையின் கறுப்புச் சுவர்

மன்னருக்குத் தலைக்கனம் என்று யாராவது சொன்னால் மூத்தவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். கனக்க வேண்டுமென்றால் உள்ளே ஏதாவது இருக்க வேண்டுமே!

மன்னர் என்பது முதலாளிக்கு அலுவலகம் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். விருது வாங்கிய உள் அலங்கார நிபுணர். நகைக்கடையோ ஆஸ்பத்திரியோ, அவருக்கு ஒரே கவலைதான்: போட்டோவில் எப்படி விழும்? மூத்தவள் அவரிடம் வடிவமைப்பாளர். அவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவதை வரைபடமாக மாற்றுவது அவள் தலையெழுத்து.

இந்த முறை அவர் கையில் சிக்கியது, உடம்பு பெருத்துவிடுமோ என்று சாப்பிடவே பயப்படுகிற பிள்ளைகளுக்கான சிகிச்சை இல்லம். அங்கே தங்கி, மறுபடி சாப்பிடப் பழக வேண்டும். அதன் சாப்பாட்டு அறைக்கு மன்னர் தேர்ந்தெடுத்தது, ஒரு சுவர் முழுக்க வழவழவென்று பாலிஷ் போட்ட கறுப்புக் கல்.

"சார், லைட் போட்டா இது கண்ணாடி சார்," என்றாள் மூத்தவள்.

"கண்ணாடியா? இந்தக் கட்டடத்துலயே கண்ணாடி கூடாதுன்னு முதல் மீட்டிங்ல சொன்னதே நான்தானேம்மா! இது கல்லு."

"முகம் தெரியுதே சார்."

"அதுக்குப் பேரு ஆழம். உனக்குப் போகப் போகப் புரியும்."

குளியலறைக் கண்ணாடியை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, சாப்பிடும் இடத்தில் ஆளுயரத்துக்கு ஒன்றை ஒட்டிவைத்த அறிவாளி! மூத்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால், திறப்பு நாளில் அங்கே சேரப்போகிறவர்களில் அவள் தங்கையும் ஒருத்தி. வீட்டில் சின்னவள் சாப்பிட உட்கார்ந்தால் அம்மா டிவி மேல் போர்வையைப் போட்டு மூடுவாள், ஜன்னல் திரையை இழுத்துவிடுவாள். எதிலாவது தன் உருவம் தெரிந்தால் போதும், சின்னவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாள். கெஞ்சிக் கூத்தாடி அவளைச் சம்மதிக்க வைத்திருக்கிறார்கள். முதல் வேளையே எழுந்து ஓடிவந்தால் மறுபடி அந்த வாசலை மிதிக்க மாட்டாள்.

இதை மன்னரிடம் சொல்லலாம்தான். சொன்னால் மனுஷன் கண் கலங்குவார். அடுத்த பேட்டியில் தங்கையையும் சேர்த்து விற்றுவிடுவார்.

இல்லத்தை நடத்தும் டாக்டரம்மா கடைசியாகப் பார்த்து ஒப்புதல் தர வந்த அன்று மூத்தவள் ஒரு வேலை செய்தாள்.

"மதியச் சாப்பாட்டுக்கு வெளியில எதுக்கு சார்? இங்கயே சாப்பிட்டுப் பாத்துடலாமே."

"பிரமாதம்! போட்டோக்காரர வரச் சொல்லு."

விளக்குகள் எரிந்தன. நீள மேஜை, இரண்டு பக்கமும் நாற்காலிகள். டாக்டரம்மா தன்னையறியாமல் சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். காண்ட்ராக்டரும் போட்டோக்காரரும் அவர் பக்கத்திலேயே இடம் பிடித்தார்கள். மன்னர் மட்டும் எதிரே, தன் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

முதல் வாய் வைத்தார். சுவருக்குள்ளிருந்து இரட்டைத் தாடை வைத்த ஒருத்தர் அவரைப் பார்த்து மென்றார். மன்னர் வயிற்றை எக்கிக்கொண்டார். வாயைத் துடைத்தார். கோழி கொத்துவது மாதிரி கொஞ்சம் கொத்தினார். பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"அந்தப் பக்கம் காத்து நல்லா வருது."

ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. பஸ்ஸின் கடைசி சீட் மாதிரி எல்லோரும் ஒரே பக்கம் முழங்கை இடிக்க நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, எதிர்வரிசை முழுக்கக் காலி.

"காண்ட்ராக்டர் அண்ணே, நீங்க போய் எதிர்ல தாராளமா உக்காரலாமே?" என்றாள் மூத்தவள்.

"வேணாம்மா. அங்க நாம மெல்றத நாமளே பாக்க வேண்டியிருக்கு. சகிக்கல."

டாக்டரம்மா திரும்பிப் பார்த்தார். சுவருக்குள் ஸ்பூனும் கையுமாக அவரே இருந்தார். பிறகு மன்னரின் தட்டைப் பார்த்தார்.

"என்ன சார், அப்படியே வெச்சிருக்கீங்க?"

"எனக்கு... பசி இல்ல மேடம்."

"இங்க வர்ற பிள்ளைங்க எல்லாரும் இதையேதான் சொல்வாங்க," என்றார் டாக்டரம்மா. "பளபளப்ப எடுத்துட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் கையெழுத்து கிடையாது."

கல்லைத் தேய்த்து மங்கலாக்கினார்கள். 'கல்லுக்கு மௌனம் கற்றுக்கொடுத்தேன்' என்று மன்னர் பேட்டி கொடுத்தார். கல்லாவது கற்றுக்கொண்டதே என்று மூத்தவள் பத்திரிகையை மடித்து வைத்தாள்.

திறப்பு நாளில் முதல் வேளை மட்டும் வீட்டு ஆள் ஒருத்தர் கூடவே இருக்கலாம் என்றார்கள். சின்னவளுக்குக் கிடைத்தது சுவரைப் பார்த்த நாற்காலி. சின்னவள் சுவரை மேலும் கீழும் தேடித்தேடிப் பார்த்தாள்.

"என்னக்கா இது, எருமை முதுகு மாதிரி? யாரு பொறுக்கியெடுத்த கல்லு?"

"எங்க மன்னரு."

"ரசனை கெட்ட ஜென்மம்," என்றாள் சின்னவள்.

சொல்லிவிட்டுத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.