தெய்வானையின் மூலக்கூறுக்கு விழுந்த அடி

வருஷத்துக்கு ஒரு முறை உடம்பிலிருந்து ஒரு மூலக்கூறை மோதல் அலுவலகத்துக்குக் கொண்டுபோய் அடிவாங்க வைக்க வேண்டும். தெய்வானைக்கு வந்த சீட்டில், மகளின் பெயர் இருக்கும் மூலக்கூறு என்று போட்டிருந்தது. அது உடைந்தால் பெயர் போய்விடும். எட்டு வயது நிறைமதியும் பள்ளிச் சீருடையோடு கூடவே வந்தாள்.

அலுவலர் மாசிலாமணி விதியைச் சொன்னார். வெற்றிடத்தில் தனியாக வைத்தால் முழு அடியும் அதன் தலையில்தான், சுக்குநூறாகிவிடும். சுற்றிலும் தண்ணீர் இருந்தால் அடியைப் பங்கு போட்டுக்கொள்ளும். பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் தண்ணீராக நிற்க வேண்டும்.

தெய்வானை ஏற்கெனவே அழைத்திருந்தாள். வீடு வீடாகக் குங்குமச் சிமிழோடு ஏறி இறங்கச் சோம்பல்பட்டு, குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டுவிட்டாள். அப்படியும் பதினோரு பேர் வந்தார்கள். ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எதிர்வீட்டுக் கற்பகவல்லி முதல் ஆளாக நின்றாள். மூலக்கூறை நடுவில் வைத்ததும் எல்லோரும் ஈரமானார்கள்.

தூண் பருமனுக்கு ஓர் அயனி வந்து மோதியது. மூலக்கூறு தப்பியது. கற்பகவல்லிதான் இரண்டாகப் பிளந்தாள். தெய்வானைக்கு அப்பாடா என்றிருந்தது. அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியவில்லை.

"முடிஞ்சுதா சார்?"

"மோதல் முடிஞ்சுதும்மா. உடைஞ்ச தண்ணி சும்மா இருக்காது. பக்கத்துல இருக்கறதைப் பிச்சுதான் தன்னைச் சரி பண்ணிக்கும்."

வேலியே பயிரை மேய்வதென்றால் இதுதான். கற்பகவல்லியின் ஒரு பாதி மூலக்கூறை நோக்கி நடந்தது.

"பத்திரிகைகூட வேணாம். வாசல்ல வந்து ஒரு வார்த்தை சொன்னியா நீ?"

கேட்டுவிட்டுக் குனிந்து, மூலக்கூறில் வேண்டிய இடத்தில் கிள்ளி எடுத்து ஒட்டிக்கொண்டு மறுபடி முழு ஆளானாள். மற்ற பத்துப் பேரும் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேதம் தண்ணீரால் என்று எழுதி மாசிலாமணி முத்திரை குத்தினார்.

வெளியே தாழ்வாரம், உள்ளே வரும்போது இருந்ததைவிட நீண்டிருந்தது. பெஞ்சில் குழந்தை உட்கார்ந்திருந்தது. தன் குழந்தைதான், அதில் சந்தேகமில்லை. கூப்பிட வாயைத் திறந்தாள். பெயர் வரவில்லை.

"நிறைமதி, வாடி, வீட்டுக்குப் போலாம்" என்றாள் கற்பகவல்லி.

குழந்தை பையை மாட்டிக்கொண்டு அவள் கையைப் பிடித்தது. தெய்வானை "பாப்பா" என்று கத்தினாள். தாழ்வாரம் நெடுக உட்கார்ந்திருந்த குழந்தைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. அவள் குழந்தை மட்டும் திரும்பவில்லை.