தம்பி பெயரைச் சொன்னவள்

நைஜீரியாவின் ஜோஸ் நகரில் உள்ளாட்சித் தேர்தல் முடிவு வந்த மதியம், கானெங்கின் பக்கத்து வீட்டு சனூசியின் மோட்டார் பட்டறையைக் கொளுத்தினார்கள். கொளுத்தியவர்கள் அவளோடு ஒரே சர்ச்சில் ஜெபிக்கிறவர்கள். முந்தின ஞாயிறுதான் பாஸ்டர், "முஸ்லிம் வேட்பாளருக்குப் போடற ஓட்டு, கிறிஸ்துவைக் காட்டிக்கொடுக்கற ஓட்டு" என்று பிரசங்கித்திருந்தார்.

பெட்ரோல் கேனோடு முன்னால் நின்றவன் அவள் தம்பி டாவூ.

"டேய், சனூசி அண்ணன் பட்டறைடா! உன் பைக்கை ஓசியில சரி பண்ணிக் குடுத்தவருடா!"

"உள்ள போக்கா. இது உனக்குப் புரியாது."

பட்டறைக்குப் பின்னறையில் சனூசியின் மாமனார் படுத்திருந்தார். அவர் வெளியே வரவில்லை.

போலீஸ் வந்து கேட்டபோது தெருவில் யாரும் எதையும் பார்த்திருக்கவில்லை. கானெங் மட்டும் டாவூவின் பெயரைச் சொன்னாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. கூடப் பிறந்தவன்."

"யோசிச்சாச்சு சார். எழுதிக்கோங்க."

அதற்கப்புறம் சர்ச்சில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. சனூசி குடும்பத்தோடு ஊரின் மறுபக்கம், தன் ஆட்கள் இருக்கும் பகுதிக்குப் போய்விட்டான். அங்கிருந்து அவன் மனைவி தலாத்து போன் செய்தாள்.

"ஏன்க்கா சொன்னே? எங்கப்பா திரும்பி வரப்போறாரா? எங்க ஆளுங்களும் பழிவாங்கறோம்னு கிளம்பி, ஒரு டீக்கடைக்காரரை வெட்டிட்டாங்க. அவர் எந்தக் கட்சின்னுகூட யாருக்கும் தெரியாது."

கானெங் போனை வைக்கவில்லை; தலாத்துவும் வைக்கவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள், தேர்தலில் ஜெயித்த, டாவூவின் கட்சி சேர்மன் காரை அனுப்பி அவனை ஜெயிலிலிருந்து வெளியே கொண்டுவந்தார். அவன் நேராக அக்கா வீட்டுக்கு வந்தான். அடிக்கப்போகிறான் என்று நினைத்துக் கதவைத் திறந்தாள்.

"சாப்பிட என்னக்கா இருக்கு? ஜெயில் சோத்தை நாய்கூடத் தின்னாது."

களியும் கீரைக்குழம்பும் வைத்தாள். பாதி சாப்பாட்டில் சொன்னான்:

"உன்மேல எனக்குக் கோபமில்லக்கா. பாஸ்டரும் உன்னை மன்னிச்சிடச் சொல்லிட்டார்."

"என்னையா?"

அவன் தலையாட்டினான்.

"செத்தவர் பேரு தெரியுமாடா உனக்கு?"

"யாரு?"

"மாலம் இலியாசு. தலாத்துவோட அப்பா. கோர்ட்டுல கூப்பிட்டா மறுபடியும் சொல்லுவேன்."

"கேஸே இல்லக்கா இப்ப," என்று சிரித்தான். "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்து."

கத்த வேண்டும் போலிருந்தது. குழம்பை ஊற்றிவிட்டு, அவன் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று சுவரில் சாய்ந்து நின்றாள்.