தருமன் பெயருக்கு முன்னால்

"திருவா, தெய்வத்திருவா? அத மட்டும் சொல்லிடுங்கம்மா, மத்ததெல்லாம் ரெடி" என்றார் அச்சகத்துக்காரர் சகாதேவன்.

பச்சையம்மாள் மகளைப் பார்த்தாள். கவியா கம்ப்யூட்டர் திரையில் இருந்த கல்யாணப் பத்திரிகையில் தன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கவியாவின் அப்பா தருமன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. மூன்று மாதம் போன் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. "காலையில டீ குடிக்கப் போனான், திரும்பி வரல" என்றார் கூடப் போன மேஸ்திரி. பச்சையம்மாள் அவன் போட்டோவோடு நாலு தடவை அங்கே போய் அலைந்தாள். போலீசில் எழுதிக் கொடுத்தாள். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினாள். ஆள் இருக்கிறான் என்றும் யாரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"வெறும் திருன்னே போடுங்க."

"மாமா ஒத்துக்க மாட்டாரும்மா" என்றாள் கவியா மெதுவாக.

மாப்பிள்ளையின் அப்பா ராஜமாணிக்கம் நிச்சயத்தன்றே சொல்லியிருந்தார்: "உயிரோட இருக்காருன்னா ஏன் வரலன்னு கேப்பாங்க. ஓடிப்போனவரு பொண்ணுன்னு எங்க ஜனம் பேசும். தவறிட்டாருன்னு போட்டா ஒரு பேச்சும் இல்ல பாருங்க." கோபமாகச் சொல்லியிருந்தால் பச்சையம்மாள் பதிலுக்கு எதையாவது சொல்லியிருப்பாள். அவர் தன்மையாகத்தான் சொன்னார்.

"என் பேரு மட்டும் போட்டா ஆகாதுங்களா?"

"தாராளமா போடலாம். அவங்க சரின்னு சொல்லணும்" என்ற சகாதேவன், தானே வேங்கிக்காலில் இருந்த மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் ராஜமாணிக்கத்தின் குரல் வந்தது.

"அப்பா பேரே இல்லாமயா? அது இன்னும் ஜாஸ்தி பேச்சாயிடும் சம்பந்தி. பேசினபடியே போட்டுடலாம்."

போனை வைத்ததும் கவியா சொன்னாள்: "உனக்கு வேணாம்னா வேணாம்மா. நான் அவங்ககிட்ட பேசிக்கறேன்."

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா எங்கே என்ற கேள்வியிலேயே மூன்று வரன் திரும்பிப் போயிருந்தது. அடுத்த மாதம் வந்தால் அவளுக்கு இருபத்தெட்டு.

"அப்படியே போட்டுடுங்க" என்றாள் பச்சையம்மாள். சகாதேவன் ஒரு தாளை அச்செடுத்து, சரிபார்த்ததற்குக் கையெழுத்துக் கேட்டார். போட்டாள்.

நாலு நாளில் பத்திரிகைக் கட்டு வந்தது. முதல் பத்திரிகையை அண்ணாமலையார் சந்நிதியில் வைத்துவிட்டு, தன் ஊரான கீழ்பென்னாத்தூருக்குத் திரும்பியதும் அடுத்ததைப் பக்கத்து வீட்டுச் சந்திரம்மாளுக்குக் கொடுத்தாள். வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்த சந்திரம்மாள் தருமன் பெயர் இருந்த வரியில் நின்றாள்.

"அண்ணனா? எப்ப தகவல் வந்துச்சி?"

சும்மா பத்திரிகைக்காகப் போட்டது என்று சொல்லத்தான் பச்சையம்மாள் நினைத்தாள். சொன்னால் அது மறுநாளே வேங்கிக்காலுக்குப் போய்விடும். சந்திரம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேக்கா."

அழுகைச் சத்தம் கேட்டுத் தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். கவியா வாசல் வரைக்கும் வந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

"எங்க வச்சி எடுத்து அடக்கம் பண்ணாங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"பெங்களூருலதான்" என்றாள் பச்சையம்மாள்.

"நீ போய்ப் பாத்தியா?"

அதற்கும் அவள் ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது.